தாத்தா பெயர் பேரனுக்கு: பெயரைப் பிடித்துக்கொண்டு வம்சாவளி தேடுவோர் கேட்கும் கேள்விகள்

குடும்ப மரம் வரைய உட்காரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உதவப் போய், ஒரே சந்தேகங்களைப் பலர் வாயிலிருந்தும் கேட்டாயிற்று. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் எடுத்துக்காட்டாக வரும் கருப்பையாக்களும் சுப்பையாக்களும் எந்தக் குடும்பத்தையும் குறிப்பவர்கள் அல்ல.

எங்க வீட்டுல ஒரே பேரு திரும்பத் திரும்ப வருது. இது வழக்கமா, தற்செயலா?

வழக்கம்தான். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். மூத்த மகளுக்கு அப்பத்தா பெயர், இளையவளுக்கு அம்மாச்சி பெயர். தமிழ்நாட்டில் பல சமூகங்களில் இதுதான் அடிப்படை வரிசை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். சில வீடுகளில் பெரியவர் உயிரோடு இருக்கும்போது அவர் பெயரை வைக்க மாட்டார்கள். சில வீடுகளில் அவர் மடியில் வைத்தே அவர் பெயரைச் சூட்டுவார்கள். உங்கள் வீடு இதில் எந்த ரகம் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரச குடும்பங்களும் இப்படித்தான். சோழர்களில் முதலாம் ஆதித்தன் மகன் முதலாம் பராந்தகன். அவன் மகன் அரிஞ்சயன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், அவனுக்குத் தாத்தா பெயரான பராந்தகன் என்பதும் உண்டு. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். இது போதாதென்று ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களையும் மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் செகராசசேகரன், பரராசசேகரன் என்று அதே முறையில் போனார்கள். 'ராஜகேசரி' என்று மட்டும் உள்ள கல்வெட்டு கிடைத்தால் அது எந்த அரசனுடையது என்று ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். உங்கள் தாத்தா விஷயத்தில் உங்களுக்கும் அதே வேலைதான்.

அப்போ பேரன் பேரை வச்சு கொள்ளுத்தாத்தா பேரைக் கண்டுபிடிச்சிடலாமா?

ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை மரத்தில் மையால் எழுதிவிடாதீர்கள். ஒரு பேரன் பெயரை மட்டும் வைத்துச் சொன்னால் அது பலவீனமான ஊகம். அண்ணன் தம்பி மூன்று பேர், மூவருக்கும் மூத்த மகன் பெயர் வேலுச்சாமி என்றால், அந்த மூவரின் அப்பா பெயர் வேலுச்சாமியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் நேர்கோட்டில் மேலே மட்டும் போகாமல், பக்கவாட்டில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகளின் பெயர்களையும் பிறந்த வரிசையில் எழுதுங்கள்.

என் அனுபவத்தில் வரிசை பொருந்தும் இடத்தைவிடப் பொருந்தாத இடம்தான் அதிகம் சொல்லும். மூத்தவனுக்கும் இரண்டாமவனுக்கும் தாத்தா பெயர் இல்லை, மூன்றாமவனுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீடு உயிரோடு இருப்பவர் பெயரை வைக்காத வீடு என்றால், இரண்டாவது பிள்ளைக்கும் மூன்றாவது பிள்ளைக்கும் இடையில் தாத்தா இறந்திருக்கலாம். இறப்புச் சான்று இல்லாத மனிதருக்கு இப்படி ஒரு தோராயக் காலம் கிடைக்கும். பழனிக்கோ திருப்பதிக்கோ நேர்ந்துகொண்டு மூத்தவனுக்குச் சாமி பெயர் வைத்திருக்கவும் கூடும். குழந்தையிலேயே இறந்துபோன ஒரு மூத்த பிள்ளை தாத்தா பெயரைக் கொண்டுபோயிருக்கவும் கூடும். அதைப் பற்றி யாரும் தாமாகப் பேச மாட்டார்கள்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? பெரியவங்கன்னு பாட்டி ஒருத்திதான் இருக்காங்க.

பாட்டி இருக்கிறார் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் 'உங்க மாமனார் பேரு என்ன?' என்று நேராகக் கேட்டால் பதில் வராது. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லாத தலைமுறை அது. தாத்தா பெயரை வைத்த பேரனைக்கூட 'பெரியவரே', 'ராசு', 'சாமி' என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். 'யார் பேரை உங்க மூத்த மகனுக்கு வச்சீங்க?' என்று கேளுங்கள். பெற்ற பிள்ளைகள் எத்தனை, தங்கியது எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர், பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சில சமயம் கூப்பிட்ட 'ராசு' என்ற பெயரே அடுத்த பேரனுக்குப் பதிவுப் பெயராகிவிடும். பார்ப்பவருக்குச் சங்கிலி அறுந்த மாதிரி இருக்கும், ஆனால் அறுந்திருக்காது.

அப்புறம் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைக்கு ஈடான ஆவணம் கிடையாது. இன்னார் பேரனும் இன்னார் மகனுமாகிய என்று மூன்று தலைமுறையை ஒரே வரியில் அச்சடித்துத் தந்திருப்பார்கள், ஊர்ப்பெயரோடு. கருமாதிப் பத்திரிகையும் அப்படியே. தர்ப்பணம் கொடுக்கும் குடும்பம் என்றால் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களையும் தாய்வழி மூன்று தலைமுறையையும் சொல்லியாக வேண்டும். வீட்டிலோ வாத்தியாரிடமோ எங்காவது எழுதி வைத்திருப்பார்கள்.

பட்டாவுல 'ரா. சுப்பையா'ன்னு இருக்கு. இது எங்க தாத்தாவா, தாத்தாவோட தாத்தாவா?

அடிக்கடி வரும் கேள்வி, எல்லாரையும் தடுக்கி விழ வைப்பதும் இதுதான். ராமசாமி மகன் சுப்பையா, அதனால் ரா. சுப்பையா. அவர் மகனுக்குத் தாத்தா பெயர், அதனால் சு. ராமசாமி. அவர் மகன் மறுபடி ரா. சுப்பையா. ஆக, தாத்தாவுக்கும் பேரனுக்கும் பெயர் மட்டுமல்ல, இனிஷியலும் ஒன்றே. நம் இனிஷியல் முறை அண்ணன் தம்பி பிள்ளைகளைப் பிரித்துக் காட்டும். ஒன்றுவிட்ட தலைமுறைகளைப் பிரித்துக் காட்டாது. இது தெரியாமல் எழுதினால் 110 வயது வரை நிலம் வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஒரு சுப்பையா உருவாகிவிடுவார்.

பிரிக்க வழி உண்டு. ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதில் உள்ள ஆண்டையும் வயதையும் எழுதி, பிறந்த ஆண்டைக் கணக்கிடுங்கள். கிரயப் பத்திரத்தில் மனைவி, மைனர் மகன், சாட்சி, எல்லைக்காரர் பெயர்கள் இருக்கும். மைனர் மகனாக ராமசாமி வந்தால் அவனுடைய அப்பா மூத்த சுப்பையாவாகவும் இருக்கலாம், அவர் பேரன் சுப்பையாவாகவும் இருக்கலாம். கூடவே வரும் மனைவி பெயர் எந்த சுப்பையா என்று தீர்த்துவிடும். பட்டாவை மட்டும் நம்ப வேண்டாம். இறந்துபோனவர் பெயரிலேயே பட்டா பல காலம் ஓடுவது நம் ஊரில் சாதாரணம். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போதும் பழைய பெயரே அப்படியே ஏறிய நிலங்கள் நிறைய. மரத்தில் எழுதும்போது சுப்பையா 1, சுப்பையா 2 என்று எண் போட்டுவிடுங்கள். எண் எப்போதும் கிடைத்த மூத்தவரிலிருந்து தொடங்கட்டும். இன்னும் மூத்தவர் கிடைத்தால் அவருக்குச் சுழியம் கொடுங்கள், எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டாம்.

பத்திரத்துல 'பிலவ வருஷம்'னு மட்டும் போட்டிருக்கு. எந்த வருஷம்னு எப்படித் தெரியும்?

தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிலவ என்றால் 1901-02 ஆகவும் இருக்கலாம், 1961-62 ஆகவும் இருக்கலாம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் கிட்டத்தட்ட அதே இடைவெளி என்பதால் முந்தைய பதிலில் சொன்ன குழப்பம் இரட்டிப்பாகும். முத்திரைத்தாளைப் பாருங்கள். ராணி அல்லது ராஜா தலை இருந்தால் பழையது, சிங்கமுகத் தூண் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தியது. ரூபாய், அணா, பைசா எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதும் உதவும்.

வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு இருக்கும்; 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலையில் தொடங்குவதால் பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்து ஓலைகளில் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும்: கொல்லம் 1075 என்றால் 1899-1900.

எங்கப்பா, அவரோட பெரியப்பா பையன், சித்தப்பா பையன் மூணு பேருமே கருப்பையா. யார் யாருன்னு எப்படிப் பிரிக்கிறது?

ஒரே தாத்தாவின் பெயரை மூன்று மகன்களும் தங்கள் மூத்த பிள்ளைக்கு வைத்தால் இப்படித்தான் ஆகும். இங்கே இனிஷியல் கைகொடுக்கும், ஏனென்றால் அப்பாக்கள் வேறு. ஊரும் தன் பங்குக்குப் பெரிய கருப்பையா, சின்னக் கருப்பையா, மேலத்தெரு கருப்பையா, கடைக்காரக் கருப்பையா என்று பிரித்து வைத்திருக்கும். அந்த அடைமொழியைத் தவறாமல் எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனிக்கவும்: 'பெரிய', 'சின்ன' என்பது உறவைக் குறிக்காமல் சாமி பெயரின் பகுதியாகவும் இருக்கலாம். பெரியகருப்பன், சின்னக்கருப்பன் என்று சாமிகளே உண்டு.

ஒரே ஆளு பத்திரத்துல கருப்பன், ரேஷன் கார்டுல கருப்பையா, கோயில் கல்வெட்டுல கருப்பசாமி. எதை எழுதுறது?

மூன்றையும் எழுதுங்கள், எந்த ஆண்டில் எது என்பதோடு. கணக்குப்பிள்ளை எழுதும்போது, குறிப்பாக ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரை, 'சாமி', 'ஐயா' எல்லாம் வெட்டி முனியன், கருப்பன் என்றே எழுதிவிடுவது இருந்தது. வீட்டில் முனுசாமி, சர்க்கார் தாளில் முனியன். அது இரண்டு ஆள் அல்ல. எழுதியவர் யார் என்பதன் அடையாளம்.

கோயில் உபயக் கல்வெட்டில் மரியாதை சேர்ந்து பெயர் நீளும். எந்த வடிவமானாலும் அப்பா பெயர், ஊர், நிலம் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி. பெயர் மட்டும் பொருந்தினால் போதாது.

பேரைப் பார்த்தே பூர்வீக ஊரைச் சொல்ல முடியுமா?

திசையைக் காட்டும். சட்டநாதன் என்றால் சீர்காழி, தையல்நாயகி என்றால் வைத்தீஸ்வரன்கோயில், ஐயாறப்பன் என்றால் திருவையாறு, நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி, கோமதி என்றால் சங்கரன்கோவில். சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து எல்லாம் தெற்கத்திப் பெயர்கள். சென்னையில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்தில் ஒரு இசக்கிமுத்து இருந்தால், நான் தேடலை நெல்லை, குமரிப் பக்கம்தான் தொடங்குவேன். குலசாமிக் கோயில் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் ஊரே கிடைத்துவிடும்.

ஆனால் முருகன், மாரியம்மாள், ராமசாமி போன்றவை எல்லா ஊருக்கும் பொது. வேண்டுதலால் வந்த பெயரும் உண்டு. சோழநாட்டுக்கே போகாத குடும்பத்தில் ஒரு வைத்தியநாதன் இருக்கலாம், நோய் தீர நேர்ந்துகொண்டதால்.

எங்க பூட்டன் பேரு குப்பன். ஏன் இப்படி ஒரு பேரு?

பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்தோ, தவிட்டுக்கு விற்று வாங்கியோ, மூக்குக் குத்தியோ பெயர் வைப்பார்கள். குப்பன், குப்புசாமி, பிச்சை, மூக்கையா, மூக்கம்மாள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்ற நினைப்பு. பெண்ணாகவே பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு' என்பதும் உண்டு. உங்கள் பூட்டனுக்கு முன்னால் பிறந்து தங்காத பிள்ளைகள் இருந்திருக்கலாம். அந்த இடத்தை மரத்தில் காலியாக விட்டு வையுங்கள். ஆனால் அவருக்கு முன்பே அதே பெயரில் ஒரு தாத்தா இருந்திருந்தால் கதை வேறு. அப்போது அது வெறும் தாத்தா பெயர்தான், பிள்ளைச் சாவோடு தொடர்பில்லை.

பாட்டி வழியில போனா எங்கேயும் நின்னுடுது. பெண்களைத் தேடவே முடியாதா?

கடினம்தான். நிலம் ஆண் பெயரில், இனிஷியல் கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயரில். பெண்ணின் அப்பா பெயர் பத்திரங்களில் அரிதாகத்தான் வரும். ஆனால் பெயர் வழக்கு இங்கே உதவும்: பாட்டியின் இரண்டாவது மகன் பெயர் பாட்டியின் அப்பா பெயராக இருக்க வாய்ப்பு உண்டு, முதல் கேள்வியில் சொன்ன வரிசைப்படி. தானமாகவோ சீதனமாகவோ நிலம் கொடுத்த பத்திரம் இருந்தால் அது பொக்கிஷம். 'என் குமாரத்தி இன்னாளுக்கு' என்று எழுதியிருக்கும்.

மாமன் மகளைக் கட்டிய வீடுகளில் வேறொரு சிக்கல். அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அப்பத்தாவின் அண்ணனும் ஒரே ஆள். இரண்டு பக்கமும் அதே பெயர்கள் புழங்கும். இரண்டு தலைமுறை இப்படிக் கட்டியிருந்தால் மரம் கிளை விரிக்காமல் வலையாகப் பின்னிக்கொள்ளும். அச்சடித்த படிவத்தில் எட்டுக் கட்டம் இருக்கிறதே என்று எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகளைத் தேடாதீர்கள். உங்களுக்கு ஆறு பேர்தான் இருக்கக் கூடும்.

1940, 50க்கு அப்புறம் பேரு சங்கிலியே அறுந்து போச்சே?

பல வீடுகளில் அப்படித்தான். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தை விடச் சொன்னது. முத்துசாமிப் பிள்ளை முத்துசாமி ஆனார். தனித்தமிழ் அலையில் பெயரே மாறியது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தலைவர்கள் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் செல்வாக்கில் கிராமத்துப் பிள்ளைகளும் மாறினார்கள். காந்தி, போஸ், நேரு, ஸ்டாலின் என்று அந்தக் காலத்துச் செய்தியும் பெயராயிற்று. 1953இல் பிறந்த மு.க.ஸ்டாலின் பெயர் எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு.

இதனால் தாத்தா பெயர் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஜாதகத்தில், காதில் ஓதிய பெயரில், கோயிலுக்குக் குடும்பவாரியாக வாங்கும் தலைக்கட்டு வரி நோட்டில் அது ஒளிந்திருக்கும். பெயர் மாற்றியவருக்கு அரசிதழில் அறிவிப்பு வந்திருக்கலாம். பழைய பிறப்புப் பதிவேட்டில் தேடினால் மட்டும் ஏமாறாதீர்கள். பல பதிவுகளில் பெயர் இருக்காது, 'ஆண் குழந்தை' என்று அப்பா பெயரோடு நிற்கும்.

நாங்க கிறிஸ்தவங்க. எங்களுக்கும் இது பொருந்துமா?

தாத்தா பெயர் வைப்பது பல கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு, கூடவே ஞானஸ்நானப் பதிவேடு என்ற பெரிய வசதியும் உண்டு. கத்தோலிக்கப் பழைய ஏடுகள் லத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம். பேத்ருஸ் என்றால் இராயப்பன், பவுலுஸ் என்றால் சின்னப்பன், யோவான்னெஸ் என்றால் அருளப்பன், யோசேப்புஸ் என்றால் சூசை. வீட்டில் ஒன்று, ஏட்டில் ஒன்று என்று இருப்பது இதனால்தான். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். முத்துக்குளித்துறைப் பக்கத்து பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மோத்தா போன்ற குடும்பப் பெயர்களை வைத்து உறவு சொல்லிவிட முடியாது. போர்த்துக்கீசியர் காலத்தில் ஊர் ஊராக வந்த பெயர்கள் அவை.

முஸ்லிம் நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். சாகுல் ஹமீது, நாகூர் மீரான், முகைதீன் போன்றவை இறைநேசர்கள் மீதுள்ள பற்றால் வரும் பெயர்கள். அதனால் இரண்டு வீட்டில் ஒரே பெயர் இருப்பது உறவுக்கு அறிகுறி ஆகாது.

எங்க முன்னோர் கப்பல் ஏறிப் போனவங்க. ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் என்றால் நல்ல வாய்ப்பு. 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்ததிலிருந்து 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது: ஆள் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம். ஃபிஜிக்குப் போனவர்களுக்கும் இதே போல அனுமதிச் சீட்டு உண்டு. பட்டியல் முழுக்க முனுசாமியும் ஆறுமுகமும்தான். அதனால் பெயரை விட்டு ஆள் எண்ணைப் பிடியுங்கள். பின்னாளைய கல்யாண, இறப்புப் பதிவுகளில் அந்த எண் வரும். எழுத்து எப்படியெல்லாம் சிதையும் என்பதற்குத் தயாராக இருங்கள். முத்துசாமி மூட்டூசாமி ஆவார், ஆறுமுகம் அர்மூகம் ஆவார்.

அங்கே போன பிறகு ஒன்று நடந்தது. முதலில் போனவரின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக உறைந்துபோனது. தாத்தா பெயர் பேரனுக்கு என்ற சுழற்சி நின்று, ஒரே பெயர் எல்லாத் தலைமுறைக்கும் கடைசிப் பெயராயிற்று. தேடுபவருக்கு இது லாபம். பிரெஞ்சுப் புதுச்சேரியிலும் 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்தவர்கள் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லா போர்த் ஆனது அப்படித்தான். அங்கே அந்த ஆண்டைத் தாண்டி மேலே போக மறுபடி பழைய முறைதான்.

சுவீகாரம் போனவரை எந்த மரத்துல போடுறது?

இரண்டிலும் போடுங்கள். பிறந்த வீட்டில் புள்ளிக்கோடு, போன வீட்டில் முழுக்கோடு. இனிஷியல் மாறியிருக்கும், சில வேளை பெயரும் மாறியிருக்கும். நகரத்தாரில் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில்) இது எளிது. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளியாக, இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்களில் தங்கள் கோயில் கணக்கில் ஏறிவிடுவார்கள். பெயருக்கு முன்னால் நீளமாக நிற்கும் விலாசமும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்தான்.

ஆதாரம் கிடைக்காத கண்ணியை என்ன செய்யறது?

பென்சிலில் எழுதி, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று பக்கத்தில் குறியுங்கள். 'ஜமீன்ல திவானா இருந்தார்' போன்ற செய்திகளையும் அதே பென்சிலில்.

பக்கத்து ஊர்ல ஒரு குடும்பம். குலசாமியும் ஒண்ணு, தாத்தா பேருங்களும் ஒண்ணு. அவங்க எங்களுக்குப் பங்காளியா, பொண்ணு எடுக்கலாமா?

இது மட்டும் விளையாட்டான கேள்வி அல்ல. ஒரே குலசாமி என்றால் பங்காளி என்று கொள்ளும் சமூகங்கள் நிறைய. ஆனால் பெயர் ஒத்துப்போவது தனி ஆதாரம் ஆகாது. குலசாமி பெயரையே வைப்பதால், அந்தச் சாமியைக் கும்பிடும் எல்லா வீட்டிலும் அதே பெயர்கள்தான் இருக்கும். பங்காளி வீட்டில் மட்டுமல்ல, அங்கே கும்பிட வந்து சேர்ந்த வேறு வகையறாவிலும் இருக்கும்.

கோயிலில் தலைக்கட்டு வரி யார் யாரிடம் எந்த வகையறாவில் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். நோட்டில் இரண்டு குடும்பமும் ஒரே தலைப்பின் கீழ் வந்தால் பெரும்பாலும் பங்காளி. முதல் மரியாதை, பொங்கல் வைக்கும் வரிசை, சாவு வீட்டில் யாருக்குத் தீட்டு என்பதும் சொல்லும். பெயர் சொல்லும் செய்தியைவிடத் தீட்டு சொல்லும் செய்தி உறுதியானது. சம்பந்தப் பேச்சு ஏற்கெனவே நடக்கிறது என்றால் மரம் வரைந்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். அந்தக் கோயில் பூசாரியையும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் ஒரே நாளில் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டுவிடுங்கள்.